பாரிஸில் திருமண நாள் விருந்து: கோபுரத்தை விட்டுத் தள்ளி உட்காருங்கள்

திருமணமாகி இருபத்தைந்து ஆண்டு நிறைந்த தம்பதி ஐரோப்பாவுக்குப் போய்வருவது தமிழ்நாட்டில் இன்று அரிய செய்தி இல்லை. விசா, விமானம், தங்கும் அறை, அருங்காட்சியக டிக்கெட் என்று எல்லாவற்றையும் மாதக்கணக்கில் அலசுகிறவர்கள், திருமண நாளன்று எங்கே சாப்பிடுவது என்பதை மட்டும் பயண முகவரிடமோ கைபேசியில் முதலில் வந்து நிற்கும் பெயரிடமோ விட்டுவிடுகிறார்கள். பாரிஸ் என்றால் அவர்களுக்குக் கிடைக்கும் பதில் பெரும்பாலும் இரண்டுதான். ஒன்று, ஈஃபில் கோபுரம் தெரியும் ஜன்னலோர மேஜை. மற்றது, செய்ன் நதியில் படகு விருந்து. இரண்டிலும் விலைக்கு வருவது காட்சி. சாப்பாடு அதனுடன் சேர்ந்து வருகிறது. காட்சியையும் சாப்பாட்டையும் பிரித்துவிட வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். காட்சியைத் தெருவில் நின்றே பார்க்கலாம். சாப்பாட்டுக்கு, உள்ளூர்க்காரர்கள் திரும்பத் திரும்ப வரும் ஒரு சிறிய உணவகத்தைத் தேட வேண்டும். முடிந்தால் அந்த விருந்தைப் பகலிலேயே வைத்துக்கொள்ள வேண்டும்.

நெடுஞ்சாலையில் பேருந்து நிற்கும் மோட்டலையும் ஊருக்குள் இருக்கும் மெஸ்ஸையும் நாம் நன்றாக அறிவோம். மோட்டலில் சாப்பிட்டவர் மறுபடி வரப்போவதில்லை என்பது கல்லாவில் இருப்பவருக்குத் தெரியும். மெஸ்ஸில் ஒருநாள் சாம்பார் கெட்டால் மறுநாள் பத்து இலை குறையும். பொருளின் தரத்தை வாங்குகிறவர் முன்கூட்டி அறிய முடியாத சந்தையில் மட்டமான சரக்கு நல்ல சரக்கைத் துரத்திவிடும் என்று ஜார்ஜ் அகர்லாஃப் 1970-இல் பழைய கார் வியாபாரத்தை வைத்து விளக்கினார். 2001-இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற மூவரில் அவரும் ஒருவர். சுற்றுலாப் பயணியின் சாப்பாடும் அப்படிப்பட்ட சந்தைதான். நோத்ர தாம் தேவாலயத்தைச் சுற்றியும், ஷான்ஸ் எலிசே சாலையிலும், மோன்மார்த் குன்றின் உச்சிச் சதுக்கத்திலும் மேஜைகள் தினமும் புதிய மனிதர்களால் நிரம்புகின்றன. நேற்று வந்தவர் அதிருப்தியோடு போயிருந்தாலும் இன்றைய கூட்டத்தில் ஒருவர்கூடக் குறையப் போவதில்லை. அங்கிருக்கும் எல்லாச் சமையலறைகளும் மோசம் என்று இதற்குப் பொருளில்லை. மோசமாக நடந்தாலும் தண்டனை இல்லாத இடத்தில், நன்றாக நடப்பது முதலாளியின் மனசாட்சியை மட்டுமே நம்பியிருக்கிறது என்பதுதான் பொருள். பதினோராவது வட்டாரத்திலோ பதினைந்தாவது வட்டாரத்திலோ ஒரு பக்கத் தெருவில், மதியம் அலுவலகக்காரர்களும் இரவு அந்தத் தெருக் குடும்பங்களும் வந்து போகும் முப்பது இருக்கை பிஸ்ட்ரோவுக்கு அந்தச் சலுகை கிடையாது. அடுத்த வாரம் அதே முகங்களைப் பார்த்தாக வேண்டும் என்ற கட்டாயமே அந்த உணவுக்கு உத்தரவாதம்.

இன்றைய வடிவில் நாம் அறிந்த உணவகம் பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பாதியில் பாரிஸில்தான் உருவெடுத்தது. அதற்கு முன்பு வெளியூரிலிருந்து வந்தவர் சத்திரத்தின் பொது மேஜையில், குறித்த நேரத்தில், முன்பின் தெரியாதவர்களோடு தோள் உரச உட்கார்ந்து, வைத்ததைச் சாப்பிட வேண்டும். 1760-களுக்குப் பிறகு வந்த புதிய கடைகள் தனி மேஜை கொடுத்தன, வந்த நேரத்துக்குப் பரிமாறின, விலை எழுதிய பட்டியலை நீட்டின. 1780-களில் அந்துவான் பொவிலியே நேர்த்தியான கூடமும் பழகிய பணியாளர்களும் கொண்ட உணவகத்தை நடத்திப் பெயர் பெற்றார். ருசி, செல்வர் வீட்டுச் சமையலறைகளில் அதற்கு முன்பே இருந்தது. புதிதாக வந்தது, பணம் கொடுத்த எவரும் தன்னுடன் வந்தவரோடு மட்டும் உட்காரலாம் என்ற வசதி. திருமண நாளுக்கு உணவகம் தேடுகிறவர்கள் முதலில் கேட்க வேண்டியது அந்த வசதியைத்தான். இருவர் பேசினால் இருவருக்கும் கேட்குமா? சாதாரண உரையாடல் ஏறத்தாழ 60 டெசிபல். நெரிசலான உணவகத்தில் இரைச்சல் 80-ஐத் தாண்டிப் போவதுண்டு. சுற்றிலும் சத்தம் கூடும்போது மனிதர் தம்மை அறியாமலே குரலை உயர்த்துவார்கள் என்று 1911-இல் எழுதிய காது மருத்துவர் எத்தியன் லொம்பார் பாரிஸ்காரர். ஒரு மேஜை குரல் உயர்த்தினால் அடுத்த மேஜையும் உயர்த்தும். அரை மணியில் கூடமே கத்திக்கொண்டிருக்கும். நூற்றுக்கணக்கானோர் ஒரே நேரத்தில் ஏறி, பாட்டுக்காரரும் புகைப்படக்காரரும் மேஜை மேஜையாக நகரும் விருந்துப் படகில் இருவர் மனம்விட்டுப் பேசுவது கடினம். அத்தனை பேருக்கு ஒரே வேளையில் பரிமாற வேண்டியிருப்பதால், தட்டில் வருவது பெரும்பாலும் முன்பே செய்து வைத்துச் சூடாக்கியதாகத்தான் இருக்க முடியும்.

வாழ்நாளில் ஒருமுறை பாரிஸ் போகிறோம், கோபுரத்தைப் பார்த்தபடி சாப்பிடாமல் என்ன விருந்து என்ற கேள்வி நியாயமானது. அதை ஆசை என்று ஒதுக்கிவிட முடியாது; அந்தக் காட்சிக்காகத்தான் பலர் பல ஆண்டு சேமித்திருக்கிறார்கள். ஆனால் காட்சியின் கணக்கையும் சரியாகப் போட வேண்டும். ஜூன் மாதக் கடைசியில் பாரிஸில் சூரியன் மறைய ஏறத்தாழ இரவு பத்து மணி ஆகும். ஏழரைக்கு மேஜை பிடித்தவர் காபி குடித்து முடிக்கும்வரை வெளியே பட்டப்பகல். கோபுரத்தின் 20,000 சிறு விளக்குகள் மின்னுவதோ இருட்டிய பிறகு, ஒவ்வொரு மணியின் தொடக்கத்திலும் ஐந்து நிமிடம் மட்டும். 2022 செப்டம்பரில் மின்சாரச் சிக்கனத்துக்காக இரவு 11.45-க்கே கோபுர விளக்கை அணைக்கும் ஏற்பாடும் வந்தது. ஆகவே கோடையில் அந்த ஜன்னலுக்காகக் கொடுக்கும் கூடுதல் பணம் பெரும்பாலும் விளக்கில்லாத கோபுரத்துக்குப் போகிறது. கோபுரத்தின் மேலேயே சாப்பிட்டால் இன்னொரு இழப்பு: அங்கிருந்து பாரிஸ் முழுவதும் தெரியும், கோபுரம் தெரியாது. அதைக் கண்ணால் பார்க்கப் பிடிக்காத எழுத்தாளர் மொப்பஸான் அந்தக் காரணத்துக்காகவே அங்கே போய்ச் சாப்பிட்டார் என்று ஒரு கதை வெகுகாலமாகச் சொல்லப்படுகிறது. த்ரொகாடெரோ மேடையிலோ பீர் ஹக்கீம் பாலத்திலோ நின்றால் அதே ஐந்து நிமிட மின்னல் முழு உருவத்தோடு காசில்லாமல் கிடைக்கும். என் வாதத்துக்கு ஒரு விதிவிலக்கும் இருக்கிறது. கோபுரத்தின் இரண்டாம் தளத்தில், 1983-இல் திறந்த ஜூல் வெர்ன் உணவகத்துக்கு, செஃப் ஃப்ரெடரிக் அந்தோனின் பொறுப்பில் 2024-இல் மிஷ்லினின் இரண்டாவது நட்சத்திரம் கிடைத்தது. காட்சியும் கைப்பக்குவமும் ஒன்றுசேரும் இடம் அது. அதற்கான விலையை மனமுவந்து கொடுக்க முடிந்தவர்கள் தாராளமாகப் போகலாம். மற்றவர்கள், அரைகுறை ஜன்னலுக்கு முழு விலை கொடுக்கும் இடைப்பட்ட உணவகங்களைத் தவிர்ப்பதே நல்லது.

அடுத்த மறுப்பு: கைபேசியில் ஆயிரம் பேர் போட்ட மதிப்பெண் இருக்கும்போது இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு? அந்த மதிப்பெண்ணுக்குப் பின்னால் இருக்கும் பணத்தைக் கவனித்தால் பதில் கிடைக்கும். ஹார்வர்டு வணிகப் பள்ளியின் மைக்கேல் லூகா 2011-இல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்காவின் யெல்ப் தளத்தில் ஒரு நட்சத்திரம் கூடினால் உணவகத்தின் வருமானம் 5 முதல் 9 சதவீதம் உயர்வதைக் காட்டினார். அதுவும் பெரிய சங்கிலி நிறுவனங்களுக்கு அல்ல, தனிக் கடைகளுக்கு. இவ்வளவு லாபம் தொங்கும் இடத்தில் பொய்யும் வந்து சேரும். 2017-இல் லண்டனில் ஊபா பட்லர் என்ற பத்திரிகையாளர் தன் வீட்டுத் தோட்டத்துக் கொட்டகையை உணவகம் என்று பதிவு செய்து, நண்பர்களை வைத்துப் பாராட்டு எழுதவைத்து, ட்ரிப் அட்வைசர் தளத்தில் லண்டனின் முதல் இடத்துக்கே கொண்டுபோனார். முதலிடம் வந்த நாள்வரை அங்கே ஒருவருக்கும் ஒரு தட்டுகூடப் பரிமாறப்படவில்லை. பெரும்பாலான மதிப்புரைகள் நேர்மையானவை என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் ஒரு குறை இருக்கிறது. சுற்றுலா இடங்களைப் பற்றி எழுதுகிறவரும் ஒருமுறை வந்து போனவர்தான். பக்கத்துத் தெருவில் என்ன கிடைக்கும் என்று ஒப்பிட அவருக்கு வாய்ப்பே இருந்திருக்காது. மதிப்பெண்ணைவிட மதிப்புரைகளின் உள்ளடக்கம் உதவும். பிரெஞ்சில் எழுதப்பட்டவற்றை மட்டும் எடுத்து மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டுப் படியுங்கள். மூன்றாவது முறை வருகிறோம், வழக்கமாக வருவோம் என்ற வரிகள் அடிக்கடி தென்பட்டால் அந்தக் கடையை நம்பலாம்.

மிஷ்லின் வழிகாட்டியை இந்த மதிப்பெண்களோடு சேர்க்க முடியாது. டயர் வியாபாரிகளான மிஷ்லின் சகோதரர்கள் 1900-இல் கார் ஓட்டிகளுக்காக வெளியிட்ட அந்தப் புத்தகம் 1926-இல் நட்சத்திரம் கொடுக்கத் தொடங்கியது; 1931-இல் ஒன்று, இரண்டு, மூன்று என்ற படிநிலை வந்தது. யாரென்று சொல்லாமல் வந்து, பில்லைத் தாங்களே கட்டிவிட்டுப் போகும் ஆய்வாளர்கள் அதன் பலம். ஆனால் நட்சத்திரம் தட்டில் இருப்பதற்கு மட்டுமே என்று அந்த நிறுவனமே சொல்கிறது. கூடம் அமைதியாக இருக்குமா, மேஜைகளுக்கிடையே இடைவெளி உண்டா, உங்கள் துணைக்குப் பிடிக்குமா என்பவற்றுக்கு நட்சத்திரம் பதில் சொல்லாது. நட்சத்திர உணவகங்கள் பலவற்றில் செஃப் தீர்மானித்த வரிசையில் ஏழெட்டுச் சிறு தட்டுகள் மூன்று மணி நேரம் வந்துகொண்டிருக்கும்; ஒவ்வொன்றுக்கும் ஒரு விளக்கம் உண்டு. சமையலைக் கலையாகப் பார்த்து ரசிக்கும் தம்பதிக்கு அது பெரிய விருந்து. ஒருவருக்கு ஆர்வமும் மற்றவருக்கு முதுகுவலியும் இருந்தால் அது தண்டனை. அதே வழிகாட்டி, நியாயமான விலையில் நல்ல சாப்பாடு தரும் இடங்களுக்கு 1997 முதல் பிப் கூர்மான் என்று தனி அடையாளம் கொடுக்கிறது. நட்சத்திரப் பட்டியலைவிட அந்தப் பட்டியல்தான் இந்தத் தேடலுக்குப் பொருத்தம்.

கடைவாசலில் படிக்கக்கூடிய சான்றுகளும் உண்டு. அவற்றில் சில சட்டத்தின் தயவால் கிடைப்பவை. பிரான்சில் 1987 முதல், வரியும் சேவைக் கட்டணமும் சேர்த்த விலையை உணவகத்துக்கு வெளியே ஒட்ட வேண்டும், மதியத்துக்கு 11.30 மணி முதலும் இரவுக்கு 6 மணி முதலும் அது தெரிய வேண்டும். ஆகவே உள்ளே போய் உட்காராமலே மெனுவைப் படித்து நகர்ந்துவிடலாம், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். பட்டியல் சின்னதாக, கரும்பலகையில் அன்றாடம் எழுதப்பட்டதாக இருந்தால் நல்ல அறிகுறி. நான்கைந்து பேர் வேலை செய்யும் சமையலறை அறுபது வகையைப் புதிதாகச் சமைக்க முடியாது. பானைக்கு மேல் கூரை வரைந்த சின்னம் இருந்தால் அந்த உணவு மூலப்பொருளிலிருந்து அங்கேயே செய்யப்பட்டது என்று பொருள். 2014-இல் வந்த சட்டம் இது. உறைய வைத்த பச்சைப் பொருளுக்கு அதில் இடமுண்டு என்பதால் அதை மட்டும் வைத்து முடிவெடுக்க முடியாது என்றாலும், தொழிற்சாலையில் சமைத்து வந்த குழம்பைச் சூடாக்கித் தருவதற்கு அந்தச் சின்னம் கிடைக்காது. ஆறு மொழிகளில் மெனுவும், உணவின் வண்ணப்படங்களும், வாசலில் நின்று கையைப் பிடிக்காத குறையாக அழைக்கும் ஆளும் சேர்ந்தே இருந்தால், எதிர்ப்பக்க நடைபாதைக்கு மாறிவிடுங்கள். பில்லைப் பார்த்தும் பயப்பட வேண்டாம். சேவைக் கட்டணம் விலையிலேயே அடங்கிவிட்டது. டிப்ஸ் மனம் வைத்தால்தான். ஒரு குடுவைக் குழாய்த் தண்ணீர் கேட்டால் இலவசம், பாட்டில் தண்ணீருக்குத்தான் காசு.

தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்களில் கணிசமானோருக்கு இவ்வளவும் இரண்டாம் பட்சம். சைவம் கிடைக்குமா என்பதுதான் முதல் கேள்வி. இதுதான் என் வாதத்துக்கு எதிரான வலுவான மறுப்பு, ஏனென்றால் நான் பரிந்துரைக்கும் தெருமுனை பிஸ்ட்ரோவில்தான் சிக்கல் அதிகம். காய்கறி சூப்பின் அடியில் கோழி எலும்புச் சாறு இருக்கும். சாஸில் கன்று எலும்புச் சாறு. இனிப்பில் ஜெலட்டின். பல பாலாடைக்கட்டிகளில் கன்றின் வயிற்றிலிருந்து எடுத்த உறைபொருள். மீன் சாப்பிடுகிறவரைச் சைவம் என்று எண்ணும் பணியாளர்களும் உண்டு. இதற்காக விடுதி அறையில் புளியோதரைப் பொட்டலம் பிரித்துத் திருமண நாளைக் கழிக்க வேண்டியதில்லை. பாரிஸின் உச்சியிலேயே மாற்றம் நடந்திருக்கிறது. ரோதன் அருங்காட்சியகத்துக்கு அருகில் அலன் பஸார் 1986-இல் தொடங்கிய ஆர்பேஜ், 1996 முதல் மூன்று நட்சத்திரம் வைத்திருப்பது. இறைச்சி வாட்டுவதில் பேர்பெற்ற அந்த மனிதர் 2001-இல் சிவப்பு இறைச்சியை மெனுவிலிருந்தே எடுத்துவிட்டுத் தன் தோட்டத்துக் காய்களை நடுவில் வைத்தார். 2025-இல் பாலும் முட்டையும்கூட இல்லாமல், சொந்தக் கூட்டிலிருந்து எடுக்கும் தேன் ஒன்றைத் தவிர முழுக்கத் தாவர உணவுக்கு மாறினார். அங்கே எல்லோராலும் செலவழிக்க முடியாது. ஆனால் அந்த உதாரணம் கீழே வரை இறங்கியிருக்கிறது. காய்கறியை நடுவில் வைத்துச் சமைக்கத் தெரிந்த இளைய செஃப்கள் நகரெங்கும் இருக்கிறார்கள். முட்டை சாப்பிடுகிறவர்களுக்கு இன்னொரு வழி, மோன்பர்னாஸ் ரயில் நிலையத்தை ஒட்டிய தெருக்கள். பிரத்தாஞ் பகுதி ரயில்கள் வந்து நிற்கும் இடம் என்பதால் அந்தப் பகுதி மக்கள் அங்கே குடியேறி, பாப்பரை மாவில் தோசைபோல் மெலிதாகச் சுடும் கலெத் கடைகளை வைத்தார்கள். கல்லில் தடவுவது வெண்ணெயா பன்றிக் கொழுப்பா என்று மட்டும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இரவைவிடப் பகல் நல்லது என்பதற்குக் காரணம் பணம் மட்டுமல்ல. கோடையில் பாரிஸ் நேரம் இந்திய நேரத்துக்கு மூன்றரை மணி நேரம் பின்னால் இருக்கிறது, குளிர்காலத்தில் நாலரை. பாரிஸ்காரர் இரவு எட்டரைக்கு முதல் தட்டுக்குக் காத்திருக்கும்போது, இரண்டு நாள் முன்பு சென்னையில் விமானம் ஏறியவரின் உடம்புக்கு நள்ளிரவு. குளிர்காலம் என்றால் ஒரு மணி. பகல் முழுவதும் லூவ்ர் அருங்காட்சியகத்தில் நடந்த கால்களோடு, தூக்கம் சொக்கும் கண்களோடு, சர்க்கரை மாத்திரை நேரமும் தள்ளிப்போய் உட்காரும் விருந்தில் எந்தச் சமையலும் எடுபடாது. மதியம் பன்னிரண்டரை என்பது உடம்புக்கு மாலை நேரம், பசியும் தெளிவும் இருக்கும். நல்ல உணவகங்கள் பல, மதியத்துக்கென்று இரண்டு மூன்று தட்டுகள் கொண்ட மெனுவை இரவு விலையைவிட மிகக் குறைவாகத் தருகின்றன. அதே சமையலறை, அதே கைகள். இரவுக்கு எட்டாத கடைக்கு மதியம் போக முடியும். மெழுகுவர்த்தி வெளிச்சம் இல்லாமல் திருமண நாளா என்பார்கள். சாப்பாட்டை மதியம் முடித்தவருக்கு மாலை முழுவதும் கையில் இருக்கிறது. ஆற்றோரம் நடக்கலாம், விளக்கு மின்னும் நேரத்துக்குப் பாலத்தில் போய் நிற்கலாம், பசித்தால் ஒரு பகெத் ரொட்டியும் பழமும் போதும். இரவுதான் வேண்டும் என்று துணை விரும்பினால், ஏழு அல்லது ஏழரைக்குக் கதவு திறந்ததும் முதல் ஆளாகப் போய்விடுவது புத்திசாலித்தனம். கூட்டம் சேர்வதற்குள் ஒரு மணி நேரம் அமைதியாகக் கிடைக்கும்.

இந்திய உணவகத்துக்கே போய்விடலாமே என்பது கடைசி மறுப்பு. அமெரிக்க உளவியலாளர் ஆர்தர் ஏரனும் கூட்டாளிகளும் 2000-இல் வெளியிட்ட சோதனைகளில், புதுமையும் விறுவிறுப்பும் உள்ள வேலையை ஒன்றாகச் செய்த தம்பதியர், சலிப்பான வேலையைச் செய்தவர்களைவிடத் தங்கள் உறவைக் கூடுதல் நிறைவோடு மதிப்பிட்டார்கள். ஆய்வுக்கூடத்தில் ஏழு நிமிடம் நடந்ததை வைத்து ஓர் இல்லறத்தையே அளந்துவிட முடியாதுதான். ஆனாலும் பல ஆண்டுகள் ஒரே சமையலறையில் சாப்பிட்ட இருவர், பெயர் தெரியாத ஒரு காயை ஒன்றாக முதன்முதலில் வாயில் வைத்து, பிடித்தது பிடிக்கவில்லை என்று பேசிக்கொள்வதில் பழகிய பனீர் மசாலாவில் கிடைக்காத ஒன்று இருக்கிறது என்று நான் நம்புகிறேன். சோற்றுக்கு ஏங்கும் நாள் வரும்; அதற்கு கார் து நோர் ரயில் நிலையத்தின் பின்னால் லாச்சப்பல் இருக்கிறது. ஈழத்திலிருந்து போருக்குத் தப்பி வந்தவர்கள் உண்டாக்கிய தெருக்கள், இட்லியும் கொத்துரொட்டியும் கிடைக்கும். அதை மறுநாளுக்கு வைத்துக்கொள்ளலாம். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: பிரெஞ்சு உணவகத்துக்குள் போவதால் தமிழ்க் கையை விட்டு விலகிவிட்டோம் என்பதும் இல்லை. பாரிஸ் உணவகங்களின் பாத்திரம் கழுவும் தொட்டியிலிருந்து அடுப்புவரை இலங்கைத் தமிழர்கள் உழைத்து வருகிறார்கள். 2023-இல் நகரின் சிறந்த பகெத் ரொட்டிக்கான பரிசை வென்று, ஓராண்டு அதிபர் மாளிகைக்கு ரொட்டி கொடுக்கும் உரிமை பெற்றவர் இலங்கையில் பிறந்த தர்ஷன் செல்வராஜா.

கணவர் ரகசியமாக ஏற்பாடு செய்து மனைவியை அசத்துவது என்ற வழக்கம் வெளியூரில் வேண்டாம். அன்று அவருக்கு விரதமாக இருக்கலாம், நடக்க முடியாத களைப்பாக இருக்கலாம், மீன் வாசனையே ஆகாமல் இருக்கலாம். இருவரும் உட்கார்ந்து மூன்று இடங்களைக் குறித்துக்கொண்டு, மூன்று நான்கு வாரம் முன்பே எழுதுங்கள். ஞாயிறும் திங்களும் பல கடைகளுக்கு விடுமுறை. ஆகஸ்டில் பல உணவகங்கள் வாரக்கணக்கில் மூடியிருக்கும். திருமண நாள் அப்படிப்பட்ட தேதியில் விழுந்தால் ஒரு நாள் முன்பின் நகர்த்துவதில் குறை ஒன்றுமில்லை. மின்னஞ்சலில் எத்தனை பேர், எந்த நேரம், எத்தனையாவது திருமண நாள், ஓரமாக அமைதியான மேஜை வேண்டும் என்று எழுதிவிட்டு, எவை ஆகாது என்பதைப் பெயர் பெயராகச் சொல்லுங்கள்: இறைச்சி, மீன், முட்டை, எலும்புச் சாறு, ஜெலட்டின். சைவம் என்ற ஒற்றைச் சொல் போதாது. சில கடைகள் ‘முயற்சி செய்கிறோம்’ என்று எழுதும். சமைக்க மனமும் ஆளும் உள்ள கடை, அன்று என்ன செய்து தர முடியும் என்பதைக் காயின் பெயரோடு எழுதும். அந்த மேஜையை உறுதி செய்துவிட்டு, மற்ற இரண்டு கடைகளுக்கும் வரவில்லை என்று அன்றே தகவல் சொல்லிவிடுங்கள்.